அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள்: மாத்திரையா, ஸ்டென்டா, பைபாஸா?

காரிமங்கலத்தில் மருந்துக்கடை வைத்து 22 வருடம் ஆகிறது. மாதத்துக்கு நான்கைந்து பேராவது என் கண்ணாடி மேசை மேல் ஒரு தாளை விரிப்பார்கள். இதயத்தின் படம் அச்சடித்த தாள். அதில் டாக்டர் இரண்டு மூன்று இடத்தில் பேனாவால் குறுக்கே கீறி, பக்கத்தில் 80, 90 என்று எண் போட்டிருப்பார். கூடவே ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) பதிந்த ஒரு சி.டி. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர், மொரப்பூரில் ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர், போச்சம்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர் என்று யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "அடைப்புன்னு சொல்லிட்டாங்கண்ணா. மாத்திரையிலயே பாத்துக்கலாமா, ஸ்டென்ட் வெச்சிடலாமா, இல்ல பைபாஸா?" ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்கம்பி. பைபாஸ், நெஞ்சைத் திறந்து அடைப்புக்குக் கீழே புதுக் குழாய் இணைக்கும் அறுவை.

நான் டாக்டர் இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். ஆனால் ஆஞ்சியோ முடிந்து வீட்டுக்கு வந்தவரை டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார், நான் மாதாமாதம் பார்க்கிறேன். யார் மாத்திரையைப் பாதியில் விட்டார்கள், யார் படியேறும்போது இளைக்கிறார்கள் என்பது என் கடைப்படியிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் நான் ஆற அமரப் படித்துத் தெரிந்துகொண்டதும் இல்லை. என் சித்தப்பாவை ஆஞ்சியோ பார்க்க உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் இருக்கும். ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் அறையின் கதவை ஒரு சாண் திறந்து, பச்சை உடுப்பில் ஒருவர் தலையை நீட்டினார். "மூணு அடைப்பு. இப்பவே ரெண்டுக்கு ஸ்டென்ட் வெச்சிடலாம், மூணாவது அடுத்த மாசம். லேட் பண்ணா உங்க ரிஸ்க்." கையில் படிவம், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. சித்தியின் கை தானாகக் கழுத்துக் கொடிக்குப் போனது, எவ்வளவுக்கு அடகு போகும் என்று. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "சார், இப்ப அட்டாக் ஏதும் நடக்குதா?" "இல்ல, ஸ்டேபிள்தான்." "அப்ப இறக்கிடுங்க சார், பேசிட்டு வர்றோம்." அவர் முகம் சுருங்கிப்போனது. சி.டி.யைக் கையில் கொடுக்க மூன்று நாள் அலையவிட்டார்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த மூன்று நாளில் நான் தேடிக் கற்றது.

## அட்டாக் என்றால் ஒப்பீடே கிடையாது

நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, 15, 20 நிமிடம் ஆகியும் அடங்காதது. நம் ஊரில் இதற்கு முதல் பெயர் 'வாய்வு'. சுக்குக் கஷாயம், சோடா, பெருங்காயம் என்று ஒரு மணி நேரம் போகும். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ, அசதியாகவோ, வாந்தியாகவோகூட வரலாம்.

அப்போது 108. பக்கத்து அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பார்கள். ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்தால் உடனே பலூன், ஸ்டென்ட் வைத்துத் திறப்பதுதான் சிறந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் மேசைக்குப் போய்ச் சேர முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அனுப்புவார்கள். பென்னாகரத்துக்கு மேலேயோ, தேன்கனிக்கோட்டை மலையிலேயோ இருப்பவர்களுக்குப் பல நேரம் இந்த ஊசிதான் உயிர். "ஊசியெல்லாம் வேணாம், நேரா பெங்களூருக்கே போயிடலாம்" என்று காரில் ஏற்றி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். இதய தசைக்கு நிமிடம்தான் கணக்கு. மாநில அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

இனி வருவதெல்லாம் இன்னொரு கூட்டத்துக்கு: நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் போய்விடுகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்கிறவர்களுக்கு. அவர்களுக்கு யோசிக்க நேரம் உண்டு. சில நாள், பல சமயம் சில வாரம்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் பிடித்துக்கொள்வது சதவீதத்தை. "தொண்ணூறு பர்சென்ட்ங்க!" என்றதும் வீடே அழும். பெரும்பாலும் அது திரையில் கண்ணால் பார்த்துப் போட்ட எண். பொதுவாக 70க்கு மேல் என்றால் முக்கியமான அடைப்பு, இடது பெருந்தமனி (டாக்டர்கள் 'லெஃப்ட் மெயின்' என்பது, இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தாய்க்குழாய்) என்றால் 50க்கு மேல். சந்தேகமான 50, 60, 70 அடைப்புக்கு, குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பி விட்டு அழுத்தம் அளக்கும் சோதனை இருக்கிறது, எஃப்.எஃப்.ஆர். என்பார்கள். அது 0.80க்கு மேல் வந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்று அர்த்தம். ஸ்டென்ட் தேவைப்படாது.

சதவீதத்தை விடக் கனமான கேள்விகள் வேறு இருக்கின்றன. எந்தக் குழாய்? இடது பெருந்தமனி அடைத்திருந்தால் கதையே வேறு. அதிலிருந்து இதயத்தின் முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. அடுத்தபடி. எத்தனை குழாய்? இதயத்துக்கு ரத்தம் தரும் முக்கியமான மூன்று குழாயும் பாதிக்கப்பட்டிருக்கிறதா? சர்க்கரை உண்டா, எத்தனை வருடமாக? எக்கோ ஸ்கேனில் இதயம் பம்ப் செய்யும் அளவு எத்தனை சதவீதம்? 55, 60 இருப்பவரும் 30 இருப்பவரும் ஒரே தட்டில் நிற்க மாட்டார்கள். சிறுநீரகம் எப்படி? சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தால் ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயமே கவனத்துக்கு உரியது.

கடைசியாக, டாக்டர்கள் அவசரத்தில் கேட்காமல் விடுவது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் உங்கள் வலி எவ்வளவு மிச்சம்? வீட்டில் கூட இருக்க யார்? எத்தனை நாள் வேலையை விட முடியும்?

## மாத்திரை மட்டும்

பெயரிலேயே ஒரு ஏமாற்றம் இருக்கிறது. 'மட்டும்' என்றதும் ஏதோ கைவிட்ட மாதிரி படுகிறது. ஆனால் இது மூன்று வழிக்கும் அடிப்படை. ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸ் செய்தாலும் இந்த மாத்திரைகள் தொடரும்.

கடையில் அதிகம் கேட்பது, "மாத்திரையில அடைப்பு கரையுமா?" பெரிய அளவில் கரையாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை (அட்டோர்வாஸ்டாடின் போல) குழாய்க்குள் இருக்கும் கொழுப்புப் படிவின் மேல்தோலைக் கெட்டியாக்கி, அது வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அட்டாக் வருவது பெரும்பாலும் படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைவதால்தான். 90 சதவீத அடைப்பு பல வருடம் அமைதியாக இருக்கலாம், 40 சதவீத அடைப்பு ஒரு நாள் காலையில் வெடிக்கலாம். ஆஸ்பிரின் அந்த உறைவைத் தடுக்கிறது. பீட்டா பிளாக்கர் இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கிறது. நைட்ரேட் வலியைத் தணிக்கிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை 70க்குக் கீழ், முடிந்தால் 55க்குக் கீழ் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

இதன் பலத்தைச் சோதித்த பெரிய ஆய்வு 'இஸ்கீமியா'. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர், முடிவு 2020இல் வெளிவந்தது. நிலையாக இருக்கும் நோயாளிகளில் ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைகள் மட்டும், மறுபாதிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மூன்று வருடத்துக்கு மேல் பார்த்தும் சாவிலும் அட்டாக்கிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு, திறந்துவிட்ட பக்கத்தில் நிவாரணம் நன்றாகவே இருந்தது. மாத்திரைக் குழுவில் ஐந்தில் ஒருவர் போலப் பிறகு ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ போனார்கள். இந்த ஆய்வில் இடது பெருந்தமனி அடைப்புள்ளவர்களும், பம்ப் 35க்குக் கீழ் போனவர்களும், அப்போதுதான் அட்டாக் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. வாட்ஸ்அப்பில் 'ஸ்டென்ட் எல்லாம் மோசடி' என்று அனுப்புகிறவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

என் மாமனாருக்கு ஒரே குழாயில் 75 சதவீதம். சர்க்கரை இல்லை, பம்ப் 60. ஒன்பது வருடமாக மாத்திரை, பீடியை விட்டது, காலையில் மாந்தோப்பை இரண்டு சுற்று. அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு, ஆயுசுக்கும் தொடர்வது. அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது, பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆக, பணம் பெரிய தடை இல்லை. அலுப்புதான் தடை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்ற நாளில் விட்டுவிடுகிறார்கள். கை கால் உளைச்சலுக்கு ஸ்டாடினைக் குற்றம் சொல்லி நிறுத்துகிறார்கள். டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடின் மாற்றலாம், அதை டாக்டரிடம் கேட்டால்தானே?

இன்னொன்று, கடையில் மெதுவாகக் காதருகில் சொல்ல வேண்டியது. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வைத்திருப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

யாருக்கு இது முதல் வழி: வலி குறைவு, பம்ப் நன்றாக இருக்கிறது, இடது பெருந்தமனி சுத்தம், மாத்திரை தவறாமல் போடுகிற குணம். மூன்று மாதம் முழு டோஸில் போட்டுப் பார்த்தும் வலி படுத்தினால், அடுத்த வழியைப் பேசலாம். வழி மாறியதாலேயே அந்த மூன்று மாதம் வீணாகிவிடாது.

## ஸ்டென்ட்

1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர் பலூனை விட்டு ஒருவரின் அடைப்பைத் திறந்தார். வெறும் பலூனில் குழாய் திரும்பச் சுருங்கியது, அதனால் வலைக்கம்பி வந்தது. கம்பிக்குள்ளும் சதை வளர்ந்து அடைத்தது, அதனால் மருந்து தடவிய கம்பி வந்தது. இன்று வைப்பது பெரும்பாலும் மருந்து தடவியதுதான்.

மணிக்கட்டிலோ தொடை மடிப்பிலோ ஒரு சின்னத் துளை. ஆள் விழித்தேதான் இருப்பார். ஒன்றிரண்டு நாளில் வீடு. ஒரு வாரத்தில் கடையைத் திறந்த வியாபாரிகள் என் தெருவிலேயே உண்டு. வலி நிவாரணத்தில் இதன் வேகத்துக்கு மாத்திரை ஈடாகாது. தோட்ட வேலைக்குக் கூலிக்குப் போகிறவர், சுமை தூக்குகிறவர், வலி வந்தால் அன்றைய சோறு போகிறவர் ஆகியோருக்கு இந்த வேகமே பெரிய காரணம்.

விலையில் ஒரு நல்லது நடந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை விதித்தது, மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய். அதன்பின் ஆண்டுக்காண்டு மாறினாலும் இன்னும் 40,000க்குள்தான் நிற்கிறது. ஆனால் உச்சவிலை கம்பிக்கு மட்டுமே. பில்லில் பலூன், கைடு வயர், கேதெட்டர், கேத் லேப் வாடகை, ஐ.சி.யூ. என்று தனித்தனியாக ஏறும். இவற்றைப் பிரித்துக் காட்டிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். "நல்ல ஸ்டென்ட், ஒசத்தி ஸ்டென்ட்" என்று ஆசை காட்டினாலும், ஸ்டென்டுக்கு மட்டும் அந்த உச்சவிலையைத் தாண்ட முடியாது.

இதன் மறைந்த செலவு பணமாக வராது. கம்பி புதிது என்பதால் ரத்தம் அதன் மேல் உறையப் பார்க்கும். அதற்காக ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் வேண்டும், குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலார். நிலையான நோயாளிக்குப் பொதுவாக ஆறு மாதம், அட்டாக் வந்து வைத்தவருக்கு ஒரு வருடம். ஒரு லாரி டிரைவர், ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். ஐந்தாம் நாள் ஓமலூர் டோல்கேட் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். கிளீனர் பையனின் சமயோசிதத்தால் பிழைத்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. பல், கண்புரை, மூலம், எதுவானாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கம், களை வெட்டிய அன்று சாயங்காலம் 'உடம்பு வலிக்கு ரெண்டு செட்' கேட்பது. டைக்ளோஃபினாக், புரூஃபென் வகையெல்லாம் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் போதும். நெஞ்செரிச்சலுக்குக் குளோபிடோக்ரெலோடு ஒமிப்ரசோல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும் என்பதால், பேண்டாப்ரசோலுக்கு மாற்றி எழுதச் சொல்லி அனுப்புகிறேன்.

யாருக்கு: அட்டாக்கில் வந்தவர், மாத்திரைக்கு அடங்காத வலி, ஒன்று அல்லது இரண்டு குழாயில் எளிதான அடைப்பு, பெரிய அறுவையைத் தாங்க முடியாத வயது அல்லது நுரையீரல். ஆறு மாதம் தவறாமல் மாத்திரை போடுவேன் என்று சொல்ல முடியாதவர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

## பைபாஸ்

பெயர் கேட்டாலே குலை நடுங்குவது இதற்குத்தான். நம் நாட்டில் முதல் பைபாஸ் 1975இல் நடந்தது, சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று அது வாடிக்கையான அறுவை. இருந்தாலும் நெஞ்செலும்பைப் பிளந்து செய்வது பிளந்து செய்வதுதான். இரண்டு மூன்று நாள் ஐ.சி.யூ., மொத்தம் ஒரு வாரம் பத்து நாள் மருத்துவமனை, எலும்பு கூட இரண்டு மூன்று மாதம். அதுவரை குடம் தூக்க முடியாது, பைக் ஓட்ட முடியாது, இருமும்போது தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஏன் செய்கிறார்கள்? சொட்டுநீர்க் குழாய் வைத்து அனுபவப்பட்டவர்களுக்கு உடனே புரியும். உப்பு படிந்து அடைத்த ஓர் இடத்தைச் சரிசெய்வது ஸ்டென்ட். பைபாஸ், அடைப்புக்குக் கீழே புதுக் குழாயைக் கொண்டுபோய் இணைப்பது. மேலே நாளைக்கு இன்னும் இரண்டு இடத்தில் உப்பு படிந்தாலும் கீழ்ப்பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் அடைப்பதில்லை, நீளத்துக்கும் படிகிறது. அவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

2012இல் வந்த 'ஃப்ரீடம்' ஆய்வு இதைத்தான் கேட்டது. பல குழாய் அடைத்த சர்க்கரை நோயாளிகள் 1,900 பேர். ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பக்கவாதம் பைபாஸ் பக்கம் 5.2, ஸ்டென்ட் பக்கம் 2.4. சர்க்கரை இல்லாதவர்களிலும் மூன்று குழாயும் சிக்கலாக அடைத்திருந்தால் பைபாஸே மேல் என்று 'சின்டாக்ஸ்' ஆய்வு காட்டியது. அதே பெயரில் அடைப்பின் சிக்கலுக்கு ஒரு மதிப்பெண்ணும் உண்டு. 22 வரை எளிது, 33ம் அதற்கு மேலும் கடினம். "சின்டாக்ஸ் ஸ்கோர் எவ்வளவு சார்?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் பேசும் தோரணையே மாறும். பம்ப் 35க்குக் கீழே போனவர்களுக்கும் நீண்ட காலக் கணக்கில் பைபாஸ் பலன் தந்திருக்கிறது, ஸ்டென்ட் அப்படித் தரவில்லை.

எந்தக் குழாயை எடுத்து ஒட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத் தமனியை எடுத்து எல்.ஏ.டி.யில் இணைத்தால் 10 வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரை அவ்வளவு தாங்காது, 10 வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடும். அதனால்தான் பைபாஸுக்குப் பிறகும் ஸ்டாடின், ஆஸ்பிரின்.

சித்தப்பாவுக்கு வயது 61, சர்க்கரை 14 வருடமாக, மூன்று குழாய், பம்ப் 45. சி.டி.யைக் கொண்டுபோய்க் காட்டிய அறுவை டாக்டர் நான்கு நிமிடம் பார்த்தார், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார், "இவருக்கு பைபாஸ்தான்" என்றார். காப்பீட்டு அட்டையில் செய்தோம். நெஞ்சுக்காயம் சுலபமாக ஆறியது. படுத்தியது கால். சிரை எடுத்த தையல், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, சர்க்கரையால் நடுவில் பிரிந்து சீழ் வைத்தது. 40 நாள் தினமும் டிரெஸ்ஸிங். பஞ்சைப் பிரிக்கும்போது சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த வருடம் மாங்காய் மகசூலைப் பாதி விலைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். முடிவு தப்பு என்று இன்றும் யாரும் சொல்லவில்லை, ஆனால் "காலைப் பத்தி யாருமே சொல்லலையே" என்று சித்தி கேட்டது நியாயம். அதனால் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவாருங்கள், காலில் எடுப்பார்களா கையில் எடுப்பார்களா என்று கேளுங்கள். ரத்தம் கொடுக்க ஆளைத் தயார் செய்யச் சொல்வார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

## நான்காவது என்று சொல்லப்படுபவை

'அறுவை இல்லை, ஆபத்து இல்லை' என்ற நோட்டீஸ் வருடத்துக்கு ஒருமுறை என் கடைக் கதவில் செருகப்படுகிறது. காலில் பட்டை கட்டி அழுத்தும் ஈ.ஈ.சி.பி. சிகிச்சை, 35 மணி நேரம் போல. வேறு எதுவும் செய்ய முடியாத நிலையில் வலியைக் குறைக்கச் சிலருக்கு உதவுகிறது, அடைப்பை எடுப்பதில்லை. டிரிப்பில் மருந்து ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம் என்னும் கீலேஷனுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்த அந்த வாட்ஸ்அப் கஷாயம் ரசம் மாதிரி ஒரு பண்டம், அவ்வளவே. மருதம்பட்டைப் பொடி சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைத்தான் நான் ஆம்புலன்ஸில் பார்த்திருக்கிறேன்.

## பக்கத்தில் பக்கமாக

| பார்ப்பது | மாத்திரை | ஸ்டென்ட் | பைபாஸ் |
|---|---|---|---|
| அட்டாக் நேரத்தில் | கூடவே தேவை, தனியாகப் போதாது | முதல் தேர்வு | அரிதாக |
| வலி குறைவது | வாரக்கணக்கில், ஓரளவு | உடனே | நன்றாக, நீண்ட காலம் |
| சர்க்கரை + பல குழாய் | போதாமல் போகலாம் | இரண்டாம் இடம் | முதல் இடம் |
| இடது பெருந்தமனி | போதாது | எளிதான அடைப்பாக இருந்தால் | பெரும்பாலும் இதுவே |
| மருத்துவமனை நாள் | இல்லை | 1–2 | 7–10 |
| வேலைக்குத் திரும்ப | உடனே | ஒரு வாரம் போல | 2–3 மாதம் |
| சொல்லாமல் விடும் செலவு | ஆயுசுக்கும் மாத்திரை, அலுப்பு | நிறுத்தக்கூடாத மாத்திரை, மறுபடி அடைப்பு | கூட ஆள், கால் புண், ஒரு போக வருமானம் |

## சேலமா, பெங்களூரா, வேலூரா

தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் போல, நடுவில் தொப்பூர் கணவாய். பெங்களூர் அதைப்போல் இரண்டு பங்கு. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் வாசலிலேயே இருக்கிறது, ஊத்தங்கரைக்காரர்களுக்கு வேலூர் தோது. தூரத்தை விட இரண்டு விஷயம் பெரிது. முதலாவது, முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஸ்டென்டும் பைபாஸும் இதில் அடக்கம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் எடுக்க வேண்டும். வியாதி வந்த பிறகு இதற்கு அலைவது கொடுமை, இந்த வாரமே எடுத்துவிடுங்கள். எல்லை தாண்டிப் போகிறவர்கள், அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா என்பதை வண்டி ஏறும் முன் கேளுங்கள்.

இரண்டாவது, பிறகு வரும் பரிசோதனை. பெரிய ஊரில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்துப் போக அலுத்துப்போய் விட்டவர்கள் அதிகம். திரும்பத் திரும்பப் போக முடிகிற இடமே நல்ல இடம்.

## படிவத்தில் கையெழுத்துக்கு முன்

ஆஞ்சியோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "படம் மட்டும் எடுங்க சார். அட்டாக் மாதிரி எதாவது இருந்தா உடனே செய்யுங்க, இல்லேன்னா வெளிய வந்து பேசலாம்." ஒப்புதல் படிவத்தில் ஸ்டென்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கும் வழக்கம் உண்டு, படித்துப் பாருங்கள். பிறகு கேட்க வேண்டியது: இதைச் செய்தால் என் ஆயுசு கூடுமா, வலி மட்டும் குறையுமா? செய்யாமல் மூன்று மாதம் மாத்திரை போட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு வேண்டியவர் என்றால் எதைச் செய்வீர்கள்? சர்க்கரைக்காரர் இன்னொன்றும் கேட்கட்டும்: அறுவை டாக்டரும் படத்தைப் பார்த்தாரா? ஸ்டென்ட் வைப்பவரும் பைபாஸ் செய்பவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதுதான் முறை. அந்த முடிவைக் கேத் லேப் வாசலில் நின்றுகொண்டு எடுப்பதில்லை.

அந்தச் சி.டி.யும் எக்கோ ரிப்போர்ட்டும் உங்கள் சொத்து. கேட்டு வாங்குங்கள், டி.வி. மேல் போட்டு வைக்காதீர்கள், கீறல் விழுந்தால் அடுத்த டாக்டரிடம் ஓடாது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் 50 ரூபாய்க்குப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார்கள்.